கூட வந்தவர் கொஞ்சம் வெளியே இருங்க: கருக்கலைப்புச் சட்டமும் ஆள்கடத்தலும், மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு தனியார் மகப்பேறு மருத்துவமனையில் பல வருடம் கவுன்சலராக இருந்தேன். இப்போது நர்சிங் மாணவிகளுக்கும் கிராமங்களில் வேலை பார்க்கும் செவிலியர்களுக்கும் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். முடிந்து டீ குடிக்கும்போதுதான் ஒவ்வொருத்தராகப் பக்கத்தில் வந்து, "மேடம், ஒரு சந்தேகம்" என்பார்கள். அப்படி வந்தவைதான் இந்தக் கேள்விகள். பெண்களின் வீட்டுக்காரர்கள் கேட்டவையும் ரிசப்ஷனில் உட்காரும் பிள்ளைகள் கேட்டவையும் நடுவில் இருக்கும்.

கல்யாணம் ஆகாத பெண் தனியாக வந்து கருவைக் கலைக்கணும் என்கிறாள். செய்யலாமா? யாராவது கையெழுத்துப் போட வேண்டாமா?

செய்யலாம். 18 வயது முடிந்திருந்து மனநலப் பாதிப்பு இல்லாதவள் என்றால் அவள் கையெழுத்து ஒன்று போதும். கணவர், அப்பா, அண்ணன் யாருடைய கையெழுத்தும் 1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தில் கேட்கப்படவில்லை. ஆனால் நம்மூர் மருத்துவமனைகள் பலவற்றில் "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்பது சட்டத்தைவிடப் பெரிய சட்டமாக நிற்கிறது. கேட்டால், "நாளைக்குப் பிரச்சினை வந்தா?" என்பார்கள். பிரச்சினை வந்தால் கோர்ட் பார்க்கப்போவது அவளுடைய சம்மதப் படிவத்தைத்தான். சட்டம் அதற்கென்றே 'சி' படிவத்தை வைத்திருக்கிறது.

கல்யாணம் பற்றிய கேள்வியும் முடிந்துபோன ஒன்று. கருத்தடை தோற்றுப்போன காரணத்தைச் சொல்லும் இடத்தில் பழைய சட்டம் "மணமான பெண், அவள் கணவர்" என்றுதான் எழுதியிருந்தது. 2021 திருத்தம் அதை "எந்தப் பெண்ணும், அவள் துணையும்" என்று மாற்றிவிட்டது. 20 வாரத்துக்கு மேலும் மணமாகாதவர்களை ஒதுக்கக் கூடாது என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கணவனே கட்டாயப்படுத்தி உண்டான கருவையும், இந்தச் சட்டத்தின் அளவில், வன்புணர்வால் வந்த கருவாக எடுத்துக்கொள்ளலாம் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

எத்தனை வாரம் வரைக்கும்?

20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்துப் போதும். 20-இலிருந்து 24 வரை இரண்டு டாக்டர்கள் வேண்டும், அதுவும் விதிகளில் சொன்ன சில பெண்களுக்குத்தான்: பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், 18 வயதுக்குக் கீழானவர்கள், கர்ப்ப காலத்தில் விதவையானவர்கள் அல்லது விவாகரத்து ஆனவர்கள், கடுமையான உடல் ஊனமோ மனநலப் பாதிப்போ உள்ளவர்கள், கருவில் குறை இருப்பவர்கள், பேரிடரில் சிக்கியவர்கள். 24-ஐத் தாண்டினால் கருவில் பெரிய குறை இருக்கும்போது மட்டும், மருத்துவக் குழு முடிவு செய்யும். மனு கொடுத்த 3 நாளுக்குள் குழு கருத்துச் சொல்ல வேண்டும். அனுமதி கிடைத்தால் மனு கொடுத்த நாளிலிருந்து 5 நாளுக்குள் முடித்துவிட வேண்டும். தாயின் உயிரைக் காப்பாற்ற உடனடியாகச் செய்தே ஆக வேண்டிய நிலை என்றால் இந்த வாரக் கணக்கு குறுக்கே நிற்காது.

வன்முறையால் உண்டான கரு 24 வாரம் தாண்டிவிட்டால் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். 2004 ஜூலையிலிருந்து மதுரையிலேயே கிளை இருப்பதால் நம் பக்கத்து ஆட்கள் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் கணக்கு. "திங்கட்கிழமை வாங்க" என்று சொல்லி அனுப்புகிற வார்த்தை ஒரு பெண்ணை 23-ஆவது வாரத்திலிருந்து 24-க்குத் தள்ளிவிடும்.

அமெரிக்காவில் கவுன்சலிங் கட்டாயம், காத்திருக்கணும் என்கிறார்களே. நம்மிடமும் அப்படி உண்டா?

இல்லை. அங்கே ஒவ்வொரு மாநிலமும் ஒரு மாதிரி. கருக்கலைப்புக்கு அனுமதி இருக்கும் சில மாநிலங்களில் முதலில் கவுன்சலிங், பிறகு 24 மணி நேரக் காத்திருப்பு. யூட்டா போன்ற இடத்தில் அது 72 மணி நேரம். 2022 ஜூன் 24-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், கருக்கலைப்பை உரிமை என்று சொன்ன தன் 1973-ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் புரட்டிய பிறகு பல மாநிலங்களில் கருக்கலைப்பே கிட்டத்தட்ட இல்லை என்றாகிவிட்டது. அந்தச் செய்தியை டிவியில் பார்த்துவிட்டு, நம்மூரிலும் தடை வந்துவிட்டது என்று பயந்து வந்தவர்கள் உண்டு.

நம் சட்டத்தில் காத்திருப்புக் காலம் கிடையாது. கவுன்சலர் இதை இதை வாசித்துக் காட்ட வேண்டும் என்று எழுதிவைத்த பாடமும் கிடையாது. கருத்தடை வளையம் போட்டுக்கொண்டால்தான் செய்வோம், குடும்பக் கட்டுப்பாடு செய்தால்தான் செய்வோம் என்று நிபந்தனை போடவும் கூடாது. மத்திய சுகாதாரத் துறையின் வழிகாட்டுதலே அதைச் சொல்கிறது.

அப்படியானால் கவுன்சலிங் எதற்கு? டாக்டர் பார்த்து மருந்து கொடுத்துவிட்டால் போதாதா?

நான் இருபது பேருக்கு வகுப்பு எடுத்தால் பதினைந்து பேர் கவுன்சலிங் என்றால் மனதை மாற்றுவது என்றுதான் நினைத்திருப்பார்கள். "வேண்டாம்மா, பெத்துக்கோ, கடவுள் கொடுத்தது." அது கவுன்சலிங் இல்லை. உண்மையான வேலை மூன்றுதான். என்ன செய்யப்போகிறோம், என்ன வலிக்கும், எப்போது ஓடிவர வேண்டும் என்று விளக்குவது. இந்த முடிவு அவளுடையதுதானா என்று பார்ப்பது. இங்கிருந்து போன பிறகு அவள் எங்கே இருப்பாள், பத்திரமாக இருப்பாளா என்று தெரிந்துகொள்வது.

மூன்றாவதைக் கேட்டால் "அது நம்ம வேலையா சிஸ்டர்?" என்பார்கள். சட்டத்தின் 3-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். கர்ப்பம் தொடர்ந்தால் அவள் உடல்நலமும் மனநலமும் கெடுமா என்று முடிவு செய்யும்போது, அவள் இப்போது இருக்கும் சூழலையும் இனி வரக்கூடிய சூழலையும் டாக்டர் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று அங்கே இருக்கிறது. "நீ எங்கம்மா தங்கியிருக்க?" என்று கேட்பது வம்புக்கு இல்லை, சட்டம் திறந்துவைத்த வழி. அதே பிரிவில் சம்மதம் அவளுடையது மட்டும் என்றும் இருக்கிறது. சம்மதம் அவளுடையது என்றால் அதை அவளிடம்தான், அவள் வாயிலிருந்துதான் கேட்க வேண்டும். கூட வந்தவர் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போது வாங்குகிற கையெழுத்துக்கு என்ன அர்த்தம்?

இந்த இரண்டையும் சேர்த்தால் கிடைப்பது ஐந்து நிமிடத் தனிமை. நான் இத்தனை வருடத்தில் கற்றது இவ்வளவுதான்.

சரி, இதற்கும் ஆள்கடத்தலுக்கும் என்ன சம்பந்தம்? அதெல்லாம் மும்பை, கல்கத்தா விஷயம் இல்லையா?

இல்லை. கடத்தல் என்றதும் வேனில் வாயைப் பொத்தித் தூக்கிப் போவதுதான் நம் கண் முன்னால் வருகிறது. நம் பக்கத்தில் அது முன்பணத்தோடு ஆரம்பிக்கும். உசிலம்பட்டி, சேடப்பட்டி பக்கத்துப் பையன்களை முறுக்குக் கம்பெனி வேலைக்கென்று வடநாட்டுக்குக் கூட்டிப்போய், பிறகு அதிகாரிகள் மீட்டுக்கொண்டு வந்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். மூன்று வருடம் மில்லில் இருந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று 'சுமங்கலித் திட்டம்' பேரில் தென் மாவட்டத்துப் பெண் பிள்ளைகளை நூல் மில் விடுதிகளில் அடைத்ததும் தெரியும். செங்கல் சூளையில் குடும்பத்தோடு மாட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டு வேலைக்கென்று கூட்டிப்போய் வேறு எதற்கோ விற்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

இவர்களில் யாரையும் பேங்குக்குப் போகவோ போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகவோ விடமாட்டார்கள். ஆனால் நாள் தள்ளிப்போனால், ரத்தப்போக்கு நிற்காவிட்டால், காய்ச்சலில் அனத்தினால், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்துதான் ஆக வேண்டும். வெளியாள் ஒருத்தர் அவளைப் பார்க்கிற ஒரே இடம் அதுதான். கோரிப்பாளையத்துப் பெரியாஸ்பத்திரியாகவும் இருக்கலாம், மேலூர் ரோட்டில் இரண்டு கட்டில் போட்ட கிளினிக்காகவும் இருக்கலாம்.

அவளே சம்மதித்துத்தானே வேலைக்குப் போனாள்?

அதைச் சட்டமே எதிர்பார்த்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆவது பிரிவு (பழைய தண்டனைச் சட்டத்தில் 370), சுரண்டுவதற்காக ஒருவரை ஆள் சேர்ப்பது, கூட்டிப்போவது, தங்கவைப்பது, கைமாற்றுவது, வாங்கிக்கொள்வது எல்லாவற்றையும் குற்றம் என்கிறது. மிரட்டல், ஏமாற்று, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவது, அவளைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவருக்குப் பணம் கொடுப்பது, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். பாதிக்கப்பட்டவரின் சம்மதம் ஒரு பொருட்டே இல்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறது. தண்டனை 7 வருடத்தில் தொடங்குகிறது. 18 வயதுக்குக் கீழ் என்றால் 10 வருடத்திலிருந்து ஆயுள் வரை போகும். பாலியல் தொழில் மட்டும் இல்லை, அடிமை வேலை, பிச்சை எடுக்க வைப்பது, உறுப்பை எடுப்பது எல்லாம் 'சுரண்டல்' என்பதில் அடங்கும்.

பாலியல் தொழிலைத் தன் விருப்பத்தில் செய்யும் வயதுவந்த பெண்ணையும் கடத்தப்பட்டவளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். பாலியல் தொழிலாளிகளைக் கண்ணியத்தோடு நடத்த வேண்டும், வன்முறைக்கு ஆளானால் மற்றவர்களுக்குக் கிடைக்கும் எல்லா மருத்துவ உதவியும் அவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று 2022 மே 19-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. வார்டில் அவர்களைப் பற்றி நம் ஆட்கள் பேசுகிற பேச்சு வேறு ரகம். அதை இங்கே எழுத முடியாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் ஓபியில் மாமியார்தான் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்வார். எல்லோரையும் சந்தேகப்பட முடியுமா?

இந்தக் கேள்வியைக் கேட்ட தங்கைக்கு ஒரு டீ அதிகமாக வாங்கிக் கொடுத்தேன். வெளிநாட்டிலிருந்து வருகிற பயிற்சிப் புத்தகங்களில் "கூட வந்தவரே பேசுவார், அவள் கண்ணைப் பார்க்க மாட்டாள்" என்று போட்டிருக்கும். அதை வைத்துப் பார்த்தால் வாடிப்பட்டியிலிருந்து வருகிற மருமகள்களில் பாதிப்பேர் கடத்தப்பட்டவர்கள்.

நான் பார்க்கிற வித்தியாசம் இது. "அம்மா, கொஞ்சம் வெளியே இருங்க" என்றால் சாதாரண மாமியார் முனகுவார், "என்னடி ரகசியம்" என்பார், ஆனால் எழுந்து போய்விடுவார். அண்ணன் என்றால் வெளியே போய் போனைப் பார்ப்பான். பிடித்து வைத்திருக்கிறவன் போகமாட்டான். காரணம் மேல் காரணம் சொல்வான். "அவளுக்குப் பயம்", "அவளுக்குக் காது சரியாக் கேக்காது", "நீங்க கேக்குறதை என்கிட்ட கேளுங்க". கதவை முழுதாகச் சாத்தவிட மாட்டான்.

அப்புறம் சின்னச் சின்ன விஷயங்கள். அவளுடைய ஆதார் அவன் பையில் இருக்கும். அவளிடம் போன் இருக்காது. எந்தத் தெருவில் தங்கியிருக்கிறோம் என்று சொல்லத் தெரியாது. ஓபி சீட்டில் ஒரு பெயர், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஒரு நொடி ஆகும். குறுகிய காலத்தில் இரண்டாவது, மூன்றாவது கருக்கலைப்பு. ரொம்ப நாளாக வைத்தியம் பார்க்காத புண், வெள்ளைப்படுதல். பில்லைப் பற்றி ஒரு வார்த்தை பேரம் பேசாமல் ரொக்கமாகக் கட்டுவது. இதில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ஏழ்மையாலும் இவை வரும்.

நான் கோட்டைவிட்ட ஒன்றைச் சொல்கிறேன். அண்ணன் என்று சொன்ன ஒருவரோடு வந்தாள். பேப்பர் எல்லாம் கச்சிதம், வயது 21. யூரின் டெஸ்ட்டுக்குப் போகும் வழியில் என்னிடம், "அக்கா, இன்னிக்கு என்ன கிழமை?" என்றாள். "வியாழன்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டேன். கிழமை தெரியாத ஒரு வேலை, ஞாயிறு இல்லாத ஒரு வேலை என்ன வேலை என்று ராத்திரி படுத்த பிறகுதான் தோன்றியது. அடுத்த நாள் அந்த விலாசத்தைத் தேடினோம். அப்படி ஒரு வீடே இல்லை.

தனியாகப் பேசணும் என்றால் எப்படிப் பிரிப்பது? சந்தேகம் வந்துவிடாதா?

எல்லோரையும் பிரியுங்கள். சந்தேகப்பட்ட ஆளை மட்டும் பிரித்தால்தான் சந்தேகம் வரும். "உள்ளே பேஷண்ட் மட்டும்" என்று சுவரில் எழுதிப் போட்டுவிட்டால் அது ஆஸ்பத்திரி ரூல். யாரும் வாதாட மாட்டார்கள். எடை பார்க்கும் இடம், யூரின் கொடுக்கும் பாத்ரூம், ஸ்கேன் அறை இவை மூன்றும் தானாகவே தனிமை தருகிற இடங்கள். ஸ்கேன் அறையில் கூட வந்தவரை விடாததற்கு, கருவின் பாலினத்தைக் கண்டறியத் தடை விதித்த 1994 சட்டத்தைச் சாக்காகச் சொல்லிக்கொள்ளலாம். அந்த போர்டு ஏற்கெனவே சுவரில் தொங்குகிறது.

பாத்ரூம் கதவின் உள்பக்கம் உதவி எண்களை ஒட்டுங்கள். வெளிப்பக்கம் இல்லை. கையில் நோட்டீஸ் கொடுக்காதீர்கள், அதை அவன் பார்ப்பான். பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கான 1098 இரண்டும் மனப்பாடம் ஆகிற எண்கள்தான்.

தனியாகக் கிடைத்தால் என்ன கேட்பது?

"உன்னைக் கடத்திட்டாங்களா?" என்று கேட்டால் இல்லை என்பாள். அவளுக்கே அது கடத்தல் என்று தெரியாது. கடன், வேலை, விதி என்றுதான் நினைத்திருப்பாள். முதலில் "சாப்பிட்டியாம்மா?" என்று ஆரம்பிக்கலாம். பிறகு: எங்கே தங்கியிருக்க, எத்தனை பேர் ஒரு ரூமில? ராத்திரி கதவை யார் பூட்டுவா, உள்பக்கமா வெளிப்பக்கமா? சம்பளம் உன் கைக்கு வருதா? போன் யார் கையில? வேலை பிடிக்கலைன்னா ஊருக்குப் போயிடலாமா, போனா என்ன ஆகும்? இங்கே வரணும்னு முடிவு பண்ணது யாரு?

கதவு எந்தப் பக்கம் பூட்டப்படுகிறது என்ற கேள்விக்கு மட்டும் யாரும் தயாரித்த பதில் வைத்திருப்பதில்லை.

பதில் சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். அடுத்த தடவை வர ஒரு காரணம் கொடுங்கள். மாத்திரை முறையில் கலைத்தால் முதல் நாள், மூன்றாம் நாள், பதினைந்தாம் நாள் என்று வரச்சொல்வது வழக்கம். பதினைந்தாம் நாள் வருவது உண்மையிலேயே மருத்துவத் தேவை. அன்றைக்குப் பேசலாம்.

ஒடிசா, அசாமிலிருந்து வந்த பெண். எனக்கு அவள் பாஷை தெரியாது. கூட வந்த ஏஜென்ட்டே மொழிபெயர்க்கிறார்.

அவரை மொழிபெயர்க்க விடாதீர்கள். ஆஸ்பத்திரியிலேயே வடநாட்டு வார்டு பாய், பக்கத்து ஹோட்டலில் வேலை செய்பவர் என்று யாரையாவது கூப்பிடத் தோன்றும். அவர்களும் அதே ஏஜென்ட்டின் ஆட்களாக இருக்கக்கூடும், ஜாக்கிரதை. தெரிந்த ஹிந்தி டாக்டர் ஒருவரைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போடுவது எனக்கு உதவியிருக்கிறது. அவளுக்குப் புரியாத பாஷையில் இருக்கிற படிவத்தில் அவள் வைத்த கைநாட்டு சம்மதம் ஆகாது.

18 வயதுக்குக் கீழ் என்றால்?

இங்கேதான் சட்டம் கொஞ்சம் சிக்கல். கருக்கலைப்புக்குக் காப்பாளரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். ஆனால் அந்தச் சட்டத்தில் காப்பாளர் என்றால் பெற்றோர் என்று இல்லை. அவளைப் பராமரிப்பில் வைத்திருப்பவர் என்று மட்டும் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள். அவளை வாங்கிவந்தவனே "நான்தான் சித்தப்பா, நான்தான் பார்த்துக்கிறேன்" என்று கையெழுத்துப் போட முடியும். இந்த ஓட்டையை அடைக்கிற ஒரே ஆள் அந்த அறையில் இருக்கிற நீங்கள்தான். சித்தப்பாவின் மேல் சந்தேகம் இருந்தால் 1098-க்குச் சொல்லுங்கள். குழந்தையை 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் நிறுத்த வேண்டும். அதன் பிறகு பொறுப்பு குழுவுக்கு.

காப்பாளர் சம்மதம் இருக்கிறது என்பதற்காக, வேண்டாம் என்று அழுகிற பிள்ளைக்குச் செய்துவிடவும் கூடாது. பெண்ணின் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைப்பதற்கு ஆயுள் தண்டனை வரை உண்டு.

இன்னொன்று போக்சோ, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம். 18 வயதுக்குக் கீழான பிள்ளை கர்ப்பமாக வந்தால் போலீஸுக்குத் தகவல் சொல்வது கட்டாயம். சொல்லாவிட்டால் 6 மாதம் வரை சிறை. கல்யாணம் ஆகியிருந்தாலும் இதே கதைதான், உச்ச நீதிமன்றத்தின் 2017 தீர்ப்புக்குப் பிறகு, மனைவி என்றால் வன்புணர்வு ஆகாது என்ற விலக்கும் 18 வயதுக்குக் கீழானவர்கள் விஷயத்தில் போய்விட்டது. நம் கிராமங்களில் 17 வயதில் கட்டிக்கொடுத்த பிள்ளைகளின் வீட்டுக்காரர்கள் இதற்குப் பயந்துதான் ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்குகிறார்கள். பாதுகாக்க வந்த சட்டம் பிள்ளையை விரட்டுகிறது என்பது என் வருத்தம். முன்னால் சொன்ன 2022 செப்டம்பர் தீர்ப்பு இதற்கு ஒரு வழி சொன்னது: கருக்கலைப்புக்காக வந்த இடத்தில், அந்தப் பிள்ளையும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், போக்சோ தகவலில் பெயரையும் அடையாளத்தையும் டாக்டர் சொல்ல வேண்டியதில்லை. தகவல் போக வேண்டும், பெயர் போக வேண்டாம். இதை எத்தனை டாக்டர்களுக்குச் சொன்னாலும், "அப்படியெல்லாம் இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள்.

வழக்கு உள்ள கேஸ் என்றால் எடுத்த கருவின் திசுவை டிஎன்ஏ சோதனைக்குப் பத்திரமாக வைத்துப் போலீஸில் ஒப்படைக்க வேண்டும். அதைக் குப்பையில் போட்டால் சாட்சியமே போய்விடும்.

ஆதாரில் 19 என்று இருக்கிறது. பார்த்தால் 15 மாதிரி இருக்கிறாள்.

2022-இல் ஈரோட்டில் 16 வயதுப் பிள்ளையின் கருமுட்டையைத் திரும்பத் திரும்ப விற்ற விவகாரம் வெளியே வந்ததே, அதிலும் வயதைக் கூட்டிக் காட்டிய போலி ஆதார்தான். கருமுட்டை தானத்துக்கு 23 முதல் 35 வயது, வாழ்நாளில் ஒரே ஒரு தடவை என்று செயற்கைக் கருத்தரிப்புக்கான 2021 சட்டம் சொல்கிறது. பேப்பரில் எல்லாம் சரியாக இருந்ததால் யாரும் முகத்தைப் பார்க்கவில்லை. வயதைத் தீர்மானிக்க இளைஞர் நீதிச் சட்டம் சொல்வது பள்ளிச் சான்றிதழ், இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழ், அதுவும் இல்லாவிட்டால் எலும்புச் சோதனை. அந்த வரிசையில் ஆதார் கிடையாது. "எந்த வருஷம் பத்தாவது எழுதின? உங்க டீச்சர் பேரு என்ன?" என்று பேச்சுவாக்கில் கேளுங்கள்.

வயதுவந்த பெண். எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஆனால் போலீஸ் வேண்டாம் என்கிறாள்.

அவள் சொல்வதற்குக் காரணம் இருக்கும். ஊரில் தங்கையை வைத்திருப்பார்கள். வீடியோ எடுத்து வைத்திருப்பார்கள். வன்புணர்வு என்றால் இலவசச் சிகிச்சை கொடுப்பதும் போலீஸுக்குத் தகவல் சொல்வதும் அரசு, தனியார் எல்லா மருத்துவமனைகளின் கடமை. சிகிச்சை மறுத்தால் ஒரு வருடம் வரை சிறை. ஆனால் புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவள் முடிவு. வேண்டாம் என்றால் அவள் மறுத்ததை ஏஆர் புத்தகத்தில் (விபத்துப் பதிவேடு) அவள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எஃப்ஐஆர் இருந்தால்தான் தொடுவோம் என்பதோ, பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரண்டு விரல் பரிசோதனையோ கூடவே கூடாது.

போலீஸ் இல்லாத வழிகளும் இருக்கின்றன. 181-இல் கூப்பிட்டால் மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தங்க இடம், வக்கீல், கவுன்சலிங் கிடைக்கும். பெண்களுக்கும் கடத்தலுக்கு ஆளானவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, எண் 15100. கொத்தடிமை வேலை என்றால் கோட்டாட்சியரிடமும் போகலாம். விடுதலைச் சான்றிதழ் வாங்கினால் கடன் செல்லாது, மறுவாழ்வுப் பணமும் உண்டு.

நீங்களாகப் போய் மீட்க வேண்டாம். அவனிடம் சண்டை போட வேண்டாம். அவள் வீட்டுக்குப் போன் போடவும் வேண்டாம், அனுப்பிவைத்ததே வீடாக இருக்கலாம். முக்கியமாக, ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போடாதீர்கள். கருக்கலைப்புக்கு வந்த பெண்ணின் பெயரை வெளியிட்டால் டாக்டருக்கு ஒரு வருடம் வரை சிறை என்று சட்டமே சொல்கிறது. கருக்கலைப்புக்கு வருகிறவர்களைப் பதியும் சேர்க்கைப் பதிவேடு ரகசிய ஆவணம். மேஜையில் திறந்து வைக்கிற நோட்டு இல்லை.

கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு ரத்தம் நிற்காமல் வருகிறாள். போலீஸுக்குச் சொல்லிவிட்டுத்தான் தொடணுமா?

முதலில் தொடுங்கள். உயிர்தான் முதலில், சட்டச் சடங்கு பிறகு என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாத்திரை 9 வாரம் வரைதான், அதுவும் டாக்டர் சீட்டோடு. யார் வாங்கிக் கொடுத்தது என்று சாவகாசமாகக் கேளுங்கள். அவளே வாங்கினாளா, ஒருத்தன் வாயில் போட்டு விழுங்க வைத்தானா என்பது வேறு வேறு கதை.

மூன்றாவதும் பெண் என்று தெரிந்து கலைக்க வருகிறார்கள் என்றால்?

உசிலம்பட்டி என்ற பேரே 1980-களில் பெண் சிசுக்கொலையால் நாடு முழுக்கத் தெரிந்தது. அந்தப் பழி இன்னும் நம் டாக்டர்களைப் பயமுறுத்துகிறது. அதனால் 14 வாரம், 16 வாரம் என்று வருகிற எல்லோரையும் திருப்பி அனுப்புகிறார்கள். பாலினம் பார்ப்பது குற்றம், சட்டப்படி செய்யும் கருக்கலைப்பு குற்றம் இல்லை. இரண்டு சட்டத்தையும் போட்டுக் குழப்பியதில் நஷ்டம் பெண்ணுக்கு. பாலினச் சோதனை வழக்கில் அவள் கட்டாயப்படுத்தப்பட்டாள் என்றே கோர்ட் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆக இங்கேயும் தனியாகக் கேளுங்கள்: "இது யார் முடிவு?"

"பெத்துக் கொடுத்துடும்மா, நல்ல இடம் இருக்கு, பணமும் தருவாங்க" என்று எங்கள் ஊழியர் ஒருவரே பேசுகிறார்.

அது குழந்தை விற்பனை. மருத்துவமனை ஆளே செய்தால் இளைஞர் நீதிச் சட்டத்தில் 3 முதல் 7 வருடம். குழந்தையை வளர்க்க முடியாதவள் குழந்தைகள் நலக் குழுவிடம் முறைப்படி ஒப்படைக்கலாம், மனம் மாறினால் திரும்ப வாங்கிக்கொள்ள இரண்டு மாதம் அவகாசம் உண்டு. புரோக்கரிடம் அந்த அவகாசம் கிடையாது.

நான் வெறும் ரிசப்ஷனிஸ்ட். எனக்கு என்ன அதிகாரம்?

ஓபி சீட்டு எழுதுவது நீங்கள்தானே? பெயரை, ஊரை, வயதை அவளிடமே கேளுங்கள். அவன் சொன்னால், "அக்கா சொல்லட்டும் சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். பெருக்கித் துடைக்கிற ஆயாம்மாவிடமும் இதைச் சொல்லிவையுங்கள். என் அனுபவத்தில் டாக்டரிடம் சொல்லாததை ஆயாம்மாவிடம்தான் சொல்கிறார்கள்.

சந்தேகப்பட்டது தப்பாகிவிட்டால்? மானம் போய்விடாதா?

எனக்குத் தப்பாகியிருக்கிறது. ஒரு தடவை ரொம்ப முறைப்பாக இருந்த ஒரு ஆளை வெளியே அனுப்பிவிட்டு, அந்தப் பிள்ளையிடம் கால் மணி நேரம் பேசினேன். அவர் நிஜமாகவே சொந்த அண்ணன். தங்கையைத் தனியாக விட மனதில்லாமல் சோழவந்தானிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். கதவைத் திறந்தபோது கையில் வாழைக்காய் பஜ்ஜிப் பொட்டலத்தோடு நின்றார். "முடிஞ்சுதா சிஸ்டர்?" என்று கேட்டு எனக்கும் ஒன்று எடுத்துக் கொடுத்தார்.